புளித்தண்ணீரில் கிடந்த கார்புரேட்டர்

என் கணவருக்கு என்னைவிட அந்தக் காரைத்தான் அதிகம் பிடிக்கும் என்று புதூர்நாட்டு மலையில் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சுத்தப் பொய். எனக்குத்தான் அவரைவிட அந்தக் காரை அதிகம் பிடித்திருந்தது. முதல் ஒரு வருஷமாவது அப்படித்தான். காரை ஒரு தட்டு தட்டினால் அது டொக்கென்றாவது பதில் சொல்லும். அவர் அதுவும் சொல்லமாட்டார்.

எழுபதுகளின் பின்பாதி அது. நான் மலைப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவர் அரசு மருந்தகத்தில் கம்பவுண்டர். டாக்டர் வாரத்துக்கு ஒரு நாள், அதுவும் ஜீப் கிடைத்தால்தான் வருவார். அதனால் மலையில் எல்லாருக்கும் இவர்தான் டாக்டர். நான் கண்ணமங்கலத்துப் பெண், அவர் சந்தவாசல்காரர். பெண் பார்க்க வந்தபோது பஸ் எத்தனை மணிக்கு என்பதைத் தவிர அவர் எதுவும் பேசவில்லை. கல்யாணமாகி மலைக்கு வந்த முதல் வருஷம் அவர் என்னிடம் பேசிய வார்த்தைகளை ஒரு சிலேட்டில் எழுதிவிடலாம். எனக்கோ வாய் சும்மா இருக்காது. கோபம் மூக்குக்கு மேல் வரும். கோபப்பட்டால் எதிரில் ஒரு ஆள் பதிலுக்குக் கோபப்பட வேண்டாமா? இவர் தலையைக் குனிந்துகொண்டு மருந்துச் சீசாவுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து ஊரில் ஒரு விவசாயிக்குக் கால் புண்ணுக்குக் கட்டு மாற்றக் கிளம்பினார். வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதற்கு இது மேல் என்று நானும் கூட நடந்தேன். அந்த விவசாயியின் மாட்டுக்கொட்டகையில் சாமை வைக்கோலுக்கு அடியில் ஒரு கார் நின்றது. வெள்ளைக்காரன் காலத்துச் சின்னக் கார். மரம் வெட்டக் காண்ட்ராக்ட் எடுத்து மலைக்கு வந்த யாரோ ஒருவர், அது நின்றுபோன இடத்திலேயே விட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டாராம். முன்சீட் இருந்த இடத்தில் ஒரு மூட்டை இருந்தது. பின்சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

என் கணவர் கட்டு மாற்ற வந்ததை மறந்து அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து அடியில் பார்த்தார். விரலால் தூசியைத் தேய்த்துவிட்டு அடியில் என்ன நிறம் என்று பார்த்தார். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று இதில் கால்வாசி கூடப் பார்க்கவில்லை.

"இத்த இன்னா பண்றீங்க?" என்று விவசாயியைக் கேட்டார்.

"இன்னா பண்றது? கோழி முட்ட வெக்குது. உங்களுக்கு வோணும்னா இஸ்துகினு போங்க டாக்டரு. கோழிய மட்டும் வுட்டுடுங்க" என்றார் விவசாயி.

பதிலுக்கு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, "கால நல்லா பண்ணிக் குடுங்க, போதும்" என்று சிரித்தார். கோழி குஞ்சு பொரிக்க இன்னும் பதினைந்து நாள் இருந்தது. பதினைந்து நாளும் காத்திருந்தோம். என் கணவர் தினமும் அந்தக் காலுக்குக் கட்டு மாற்றப் போனார். தினமும் மாற்ற வேண்டிய கட்டு இல்லை அது.

இரண்டு ஜோடி மாடு பூட்டிக் காரை இழுத்து வந்தோம். மாடு ஓட்டுகிறவர்கள் முன்னால் நடந்தார்கள். சரிவில் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க என் கணவர் கையில் கல்லோடு பின்னால் வந்தார். ஸ்டியரிங்கைப் பிடிக்க மிச்சமிருந்தது நான்தான். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு பலகையைப் போட்டு ஏறி உட்கார்ந்தேன். வழியெல்லாம் ஜனங்கள் வேலி ஓரமாக நின்று சிரித்தார்கள். "டீச்சரம்மா, ஆரன் அடிங்க!" என்று ஒருத்தி கத்தினாள். நானும் வாயாலேயே அடித்தேன். திரும்பிப் பார்த்தால், பின்னால் கல்லும் கையுமாக வந்துகொண்டிருந்த மனுஷன் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தப் பல்லை நான் அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன்.

எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் புல் வேய்ந்து ஒரு கொட்டகை போட்டோம். அவருக்கு எஞ்சின் தெரியும். சந்தவாசலில் அவருடைய அண்ணன் நடத்திய அரவை மில்லில் எண்ணெய் எஞ்சின் பக்கத்திலேயே வளர்ந்தவர். எனக்கு எஞ்சின் தெரியாது, இங்கிலீஷ் தெரியும். இந்த இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தது வாணியம்பாடியில் ஒரு பாய் வீட்டில்.

அந்தப் பாய் தோல் வியாபாரி. எங்களுடையதைப் போலவே வயசான கார் ஒன்றை அவரும் அவர் மனைவியுமே சரிபண்ணி ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒரு ஜீப் டிரைவர் சொல்ல, தேடிக்கொண்டு போனோம். கூடத்தில் செய்தித்தாள் விரித்து அதன்மேல் ஒரு கியர்பாக்ஸைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். பாயின் மனைவி மடியில் தோலை வைத்துக்கொண்டு தடித்த ஊசியால் சீட்டுக்கு உறை தைத்துக்கொண்டிருந்தார். ஒரு ஸ்பிரிங் எங்கே என்று இருவருக்கும் உருதுவில் பெரிய சண்டை. கடைசியில் அது அந்தம்மாவின் தையல் டப்பாவில் கிடைத்தது. இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது. ஒரு புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் பேசிக்கொள்ள இவ்வளவு இருக்கிறதா என்று வயிறு எரிந்தது.

அவர்கள்தான் காரைப் பற்றிய இங்கிலீஷ் புத்தகத்தைக் கொடுத்து அனுப்பினார்கள். அட்டை போய், பக்கமெல்லாம் எண்ணெய்க் கறை. அதற்கப்புறம் எங்கள் சாயங்காலங்கள் மாறிவிட்டன. நான் பள்ளிக்கூடம் விட்டு வருவேன். அவர் மருந்தகத்தைப் பூட்டிவிட்டு வருவார். காப்பி குடித்துவிட்டு அவர் காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார். நான் மணையைப் போட்டு உட்கார்ந்து புத்தகத்தைத் தமிழில் சொல்வேன். "இடது பக்கம் இருக்கிற நாலு நட்டையும் குறுக்கே குறுக்கே முடுக்க வேண்டுமாம். வரிசையாக முடுக்கக் கூடாதாம்" என்பேன். அடியிலிருந்து "ம்" என்று வரும்.

கொஞ்ச நாளில் அந்த "ம்" நீள ஆரம்பித்தது. முகம் தெரியாவிட்டால் அவருக்குப் பேச வரும் என்பதை அங்கேதான் கண்டுபிடித்தேன். தன் அம்மா போன நாளைப் பற்றிச் சொன்னார். கணக்கில் இரண்டு தடவை பெயிலானதைச் சொன்னார். பெண் பார்க்க வந்த அன்று நான் அவரை நேருக்கு நேர் முறைத்துப் பார்த்தேனாம், அந்தப் பயம் தெளியவே ஒரு வருஷம் ஆனதாம். "மொறைக்கலீங்க, என் கண்ணே அப்டித்தான்" என்றேன். காருக்கு அடியிலிருந்து, "அது தெரிய ஒரு வருசம் ஆச்சு டீச்சர்" என்று பதில் வந்தது. வீட்டுக்குள்ளேயும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

சண்டையும் வந்தது. அவர் ஒருநாள் டைனமோவைப் பிரித்து வைத்துவிட்டு ஒரு பிரசவக் கேசுக்குப் போய்விட்டார். திரும்பி வருவதற்குள் அசத்திக்காட்டலாம் என்று நான் அதைப் பூட்டிவைத்தேன். பூட்டி முடித்தபோது மூன்று ஸ்க்ரூ மிச்சம். அதை மறைத்துவைத்தது பெரிய தப்பு. ஒரு வாரம் அவர் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் முந்தானை முடிச்சிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அன்றைக்கு அவரும் என்மேல் கோபப்பட்டார். எனக்கு உள்ளூர சந்தோஷம். அப்போது போட்டுக்கொண்டதுதான் எங்கள் சட்டம். யார் கழற்றுகிறார்களோ அவர்கள்தான் மாட்ட வேண்டும், மற்றவர் அதில் கை வைக்கக் கூடாது. கொட்டகைக் கம்பத்தில் சாக்பீஸால் நானே எழுதினேன்.

இந்தச் சட்டத்தை நான் அவ்வப்போது வளைப்பேன். அவர் ஒருநாளும் வளைத்ததில்லை. மருந்தில் ஒரு துளி கூடக் குறையக் கூடாது என்று பழகிய கை. நான் கழற்றி வைத்த வைப்பர் ஒரு மாதம் ஜன்னல் மேல் கிடந்தால் ஒரு மாதமும் அது அங்கேயே கிடக்கும். தூசி தட்டக்கூடத் தொடமாட்டார்.

மெதுமெதுவாக அது காராகிக்கொண்டே வந்தது. திருப்பத்தூர் பழைய இரும்புக் கடைகளில் நாங்கள் தேடாத மூலை இல்லை. பாய் வீட்டிலிருந்தும் ஏதாவது வந்துகொண்டிருக்கும். பித்தளைச் சாமானெல்லாம் என் பொறுப்பு. பித்தளையைக் கண்டால் எனக்குக் கை அரிக்கும். விளக்கு வளையம், ரேடியேட்டர் மூடி, எல்லாவற்றையும் குத்துவிளக்கு தேய்ப்பதுபோல் புளியைக் கரைத்து ஊறவைத்துத் தேய்த்து எடுத்தேன். மலையில் புளிக்கா பஞ்சம்?

அப்புறம் நான் முழுகாமல் இருந்தேன். அவரிடம் சொன்னபோது பிளக்கை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். மறுபடி தேய்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "நம்ம வண்டியிலயே உன்ன கீழ இஸ்துகினு போறேன்" என்றார். அவருக்கு அது பெரிய பேச்சு. மலையில் பிரசவத்துக்குக் கீழே இறங்குவது எவ்வளவு கஷ்டம் என்று எங்கள் இருவருக்குமே தெரியும். பஸ் எப்போதாவது வரும். ஜீப் வரும், ஆனால் எங்கே எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. கட்டிலில் தூக்கிக்கொண்டு இறங்கியவர்களை அவரே எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து அது பொழுதுபோக்கு வேலையாக இல்லை. எட்டாம் மாசத்துக்குள் கார் மலை இறங்கியாக வேண்டும் என்று நாள் குறித்துக்கொண்டோம்.

ஏழாம் மாசத்தில் எஞ்சின் ஓடியது. ஹேண்டிலைப் போட்டு நாலாவது சுற்றில் உறுமிக்கொண்டு எழுந்தது. கொட்டகைக் கூரையிலிருந்து தூசியெல்லாம் எங்கள் தலையில் கொட்டியது. நான் அழுதேன், அவர் அதட்டினார், இரண்டு பேரும் அதன் இரண்டு பக்கமும் நின்று காதைக் கொடுத்துக் கேட்டோம். கேட்கக் கேட்க எனக்கு அது திருப்தியாக இல்லை. நின்று நின்று இழுத்தது.

"சளி புடிச்ச மாதிரி மூச்சு வுடுது. கார்புரேட்டர கழட்டி சுத்தம் பண்ணணும்" என்றேன்.

"ஓடுது இல்ல, வுடு டீச்சர். கொழந்த பொறக்கட்டும், அப்பறம் பாத்துக்கலாம்."

"இத்த வெச்சிகினு மலை எறங்க முடியாது. இன்னிக்கி ஊறப்போட்டு நாளைக்கி மாட்டிடறேன்."

"உன் இஷ்டம்" என்று மருந்தகத்துக்குப் போய்விட்டார். நான் பிடித்த பிடியை விடமாட்டேன் என்பது அவருக்குத் தெரியும். அன்று சாயங்காலம் வயிற்றைத் தாங்கிக்கொண்டு குனிந்து நானே அதைக் கழற்றினேன். உள்ளே இருந்த சின்னச் சின்னப் பித்தளைக் குழாய்களெல்லாம் பச்சை பூத்திருந்தன. முழுசாக அப்படியே மண்சட்டியில் புளித்தண்ணீரில் போட்டேன். ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். இடுப்பு வலித்தது. படுத்தவள் தூங்கிவிட்டேன்.

விடிகிற நேரத்தில் வலி வந்தது. அந்த வலி வருகிற மாசமே இல்லை அது. அவர் ஓடிப்போய்ப் புளி மூட்டை ஏற்றி நின்ற ஜீப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். கூட வர ஆள் தேட நேரமில்லை. என்னை மூட்டைகளுக்கு நடுவில் படுக்கவைத்தார்கள். ஜீப் கிளம்பும்போது கொட்டகையில் காரின் முகப்பு தெரிந்தது. அதன் உயிர் சட்டியில் கிடந்தது. நேற்று உறுமிய வண்டியை நான்தானே நிறுத்திவிட்டேன் என்று அந்த வலியிலும் தோன்றியது. பாதி வழியில் ஜீப் நின்றது ஞாபகம் இருக்கிறது. அவரும் டிரைவரும் கத்திப் பேசிக்கொண்டது லேசாக ஞாபகம் இருக்கிறது. அதற்குமேல் எனக்கு நினைவில்லை.

கண் விழித்தபோது திருப்பத்தூர் ஆஸ்பத்திரியில் இருந்தேன். பெண் குழந்தை, தங்கவில்லை என்று ஒரு நர்ஸ் சொன்னார். சேதி கிடைத்து வந்த என் அண்ணனும் அவருமாகப் போய் அடக்கம் செய்துவிட்டு வந்திருந்தார்கள். அவர் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். "கஞ்சி குடிக்கிறியா?" என்று கேட்டார். அவ்வளவுதான். அந்த மனுஷன்மேல் எனக்கு அன்றைக்கு வந்த கோபம் வாழ்க்கையில் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

கண்ணமங்கலத்தில் அம்மா வீட்டில் நாலு மாசம் கிடந்தேன். அவர் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை மலை இறங்கி, இரண்டு பஸ் மாறி வருவார். ஒரு டம்ளர் காப்பி குடித்துவிட்டு என் தலைமாட்டில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார். குழந்தையைப் பற்றி அவரும் பேச்செடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால், நீ ஏன் அதைக் கழற்றினாய் என்று கேட்டுவிடுவாரோ என்று பயம். அவர் கேட்காமல் இருப்பதே கேட்பதுபோல் இருந்தது. மலைக்குத் திரும்பிப் போவதா, இங்கேயே ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் எழுதிப்போடுவதா என்று மனசு ஊசலாடியது. எழுதிக்கூட வைத்திருந்தேன். தபாலில் போடவில்லை. புடவைப் பெட்டியில் வைத்துக்கொண்டே மலை ஏறினேன்.

வந்து மூன்று நாள் கொட்டகைப் பக்கமே போகவில்லை. நாலாம் நாள் அவர் மருந்தகத்துக்குப் போனபின் போனேன். கார் பச்சை வண்ணம் பூசிக்கொண்டு நின்றது. நாலு டயரும் புதுசு. கண்ணாடி பளிச்சென்றிருந்தது. நான் இல்லாத நாலு மாசத்தில் மனுஷன் தன் பங்கு வேலை அத்தனையும் முடித்திருந்தார். பானெட்டைத் தூக்கினேன். கார்புரேட்டர் இருக்க வேண்டிய இடத்தில் சுத்தமான துணி வைத்து அடைத்திருந்தது. பக்கத்தில் பலகை மேல் அதே மண்சட்டி. அதன்மேல் ஒரு தட்டு. தட்டு நகராமல் ஒரு கல்.

கல்லை எடுத்தேன். தட்டை எடுத்தேன். தண்ணீர் பாதி வற்றிப் பூசணம் படர்ந்திருந்தது. உள்ளே கையை விட்டு எடுத்தால், பித்தளைக் குழாய்கள் மட்டும் புதுத் தங்கம்போல் இருந்தன. அவை மாட்டியிருந்த உடம்பு முழுக்க அரித்து, வெள்ளை வெள்ளையாகப் பொரிந்து, விரல் பட்ட இடம் உதிர்ந்தது. அது பித்தளை இல்லை என்பதும், புளி அதைத் தின்றுவிடும் என்பதும் எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. கையில் அதை அப்படியே பிடித்துக்கொண்டு, புளித்தண்ணீர் சொட்டச் சொட்ட, ஊர் நடுவில் நடந்து மருந்தகத்துக்கே போனேன். நாலைந்து பேர் மருந்துக்கு நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே மேஜை மேல் அதை டொம்மென்று வைத்தேன்.

"இன்னாத்துக்கு இத்த அப்டியே வெச்சிருந்தீங்க? நாலு மாசம்! நான் வந்து பாக்கணும்னுதானே? நான் பண்ண வேலைய நானே பாத்து அழணும்னுதானே மூடி மூடி வெச்சீங்க?"

அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நிஜமாகவே ஒன்றும் புரியவில்லை அவருக்கு.

"நீ கழட்டினது டீச்சர். நான் எப்டி எடுக்கறது?"

"அதுக்கு?"

"பல்லி கில்லி வுழுந்துடப்போவுதுன்னு மூடி வெச்சேன்."

மருந்துக்கு நின்றவர்களில் ஒரு அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டது தெரிந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க வாயைத் திறந்தேன், அழுகையாக வந்தது. ஆஸ்பத்திரியில் அழாதது, அம்மா வீட்டில் அழாதது எல்லாம் சேர்ந்து வந்தது. அவர் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். "நான் கழட்டலன்னா வண்டி ஓடியிருக்கும். அன்னிக்கி நம்ம வண்டியில போயிருக்கலாம்" என்று நாலு மாசமாகத் தொண்டையில் நின்றதைச் சொல்லிவிட்டேன்.

"ஓடியிருக்காது" என்றார். "பின்னால பிரேக்கே புடிக்காது, லைனிங் இல்ல. ஒட்டறதுக்குத் திருப்பத்தூர் அனுப்பி வெச்சிருந்தேன். மேல டிரம்ம மூடி வெச்சதால வெளிய தெரியாது. நான் முடிக்க வேண்டிய வேலதான் முடியல." சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். "அன்னிலேந்து உன்ன எப்டி பாக்கறதுன்னு தெர்ல."

நாலு மாசமும் அவர் என்னைக் குற்றம் சொல்வதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் அவரைக் குற்றம் சொல்வதாக அவர் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். பிரேக் விஷயம் நிஜமா, எனக்காகச் சொன்னதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கவும் இல்லை. பெட்டியில் இருந்த மாற்றல் மனுவை அன்றைக்கே அடுப்பில் போட்டேன்.

பாய்க்குக் கடுதாசி எழுதினோம். அடுத்த ஞாயிறே புருஷனும் பெண்டாட்டியுமாகத் தங்கள் காரில் மலை ஏறி வந்துவிட்டார்கள். தங்களுடைய இரண்டாவது வண்டிக்கென்று பத்திரப்படுத்தி வைத்திருந்த கார்புரேட்டரைத் துணியில் சுற்றி எடுத்துவந்திருந்தார்கள். குழந்தை போன சேதி அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தம்மா என்னைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் விடவே இல்லை. அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீ மாட்டு டீச்சரம்மா. நான் சத்தம் கேட்டுட்டுத்தான் போவேன்" என்றார். நான் மாட்டினேன். என் கணவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இரண்டடி தள்ளியே நின்றார். ஒரு ஸ்க்ரூ கீழே விழுந்து உருண்டபோது காலால் தடுத்து நிறுத்தினாரே தவிர, குனிந்து எடுத்துத் தரவில்லை. பாய்க்கு ஒன்றும் விளங்கவில்லை. எஞ்சின் மூன்றாவது சுற்றில் பிடித்தது. இந்தத் தடவை சீராக மூச்சு விட்டது.

அதற்கு அடுத்த வாரம் நாங்கள் இருவர் மட்டும் முதல் தடவையாக அதில் மலை இறங்கினோம். திருப்பத்தூர் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவது என்று திட்டம். காலை வெயில். வளைவுக்கு வளைவு அவர் ஹாரன் அடித்தார். ஏறி வந்த ஜீப்புகள் ஒதுங்கி நின்று கை காட்டின. நான் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தேன். பிரேக் நன்றாகப் பிடிக்கிறது, கண்ணாடி கொஞ்சம் ஆடுகிறது, கதவுக்கு இன்னொரு தடவை எண்ணெய் போட வேண்டும் என்று எதையெதையோ சொன்னேன்.

மலை முடிந்து சமதரை ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு சின்னப் பாலம் உண்டு. அதைத் தாண்டியதும் ஓரமாக நிறுத்தினார். ஏதோ கோளாறு என்று நினைத்து நான் பானெட்டைத் திறக்க இறங்கப் போனேன்.

"எஞ்சின் நல்லாதான் கீது. ஒக்காரு" என்றார். எஞ்சினை அணைத்தார். "இங்கதான் பொறந்துச்சு."

கதவில் வைத்த கையை எடுத்தேன். ஆஸ்பத்திரியில் பிறந்தது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

"ஜீப்பு மேல வளைவுல நின்னுபோச்சு. அடியில பூந்து சரிபண்ணி எடுத்துகினு வந்தோம். இங்க வந்ததும் பொறந்துடுச்சு. நான்தான் வாங்கினேன். நீ மயக்கத்துல இருந்த."

"அழுதுச்சா?"

"அழுதுச்சு. சத்தம் சின்னதுதான். ஆனா கோவமா அழுதுச்சு. கண்ணத் தொறந்து பாத்துச்சு. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் உசுரோட இருந்துச்சு."

ரோட்டில் ஒரு மாட்டு வண்டி எங்களைத் தாண்டிப் போனது. அது போனபிறகுதான் தொடர்ந்தார்.

"கை கழுவத் தண்ணி இல்ல, பாலத்துக்கு அடியிலயும் காஞ்சி கெடந்துச்சு. ஜீப்பு அடியில பூந்த கிரீஸ் கையோடதான் வாங்கினேன். எத்தினியோ பிரசவம் பாத்திருக்கேன், அப்டி யாரையும் தொட்டதில்ல. கன்னத்துல கறுப்பா ஒட்டிகிச்சு. தொடைக்கப் போனேன். பாத்தா, திருஷ்டிப் பொட்டு வெச்ச மாதிரி இருந்துச்சு. நம்ம கொழந்தைக்கு நாம வெச்ச பொட்டா இருக்கட்டும்னு வுட்டுட்டேன். அதோடதான் பொதச்சேன்."

நான் முன்னால் இருந்த கண்ணாடியைப் பார்த்தேன். அதுவரை என் மனசில் என் குழந்தைக்கு முகமே இல்லை.

"எந்தக் கன்னம்?" என்று கேட்டேன்.

ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து என் வலது கன்னத்தைத் தொட்டுக் காட்டினார்.